வீட்டு ஜிம்: மல்டி ஜிம் வாங்கலாமா, டம்பெல் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 48. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். எடை 84 கிலோ. ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை எடுக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது 134/86 இருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2. அவ்வப்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். நடைப்பயிற்சியோடு எடைப் பயிற்சியும் செய்யச் சொல்கிறார் எங்கள் டாக்டர். ஜிம்முக்குப் போக நேரமில்லை, கொஞ்சம் கூச்சமும்கூட. இரண்டாம் மாடி வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. 45,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். மல்டி ஜிம் (பல பயிற்சிகளை ஒரே இடத்தில் செய்யும் கேபிள் இயந்திரம்) வாங்கலாமா, பெஞ்சும் பாரும் (இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பி) வாங்கலாமா? முழங்கால் வலி உள்ள என் மனைவியும் (44) பயன்படுத்த முடியுமா?

பதில்: 45,000 ரூபாயையும் செலவழிக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற முடிகிற, தனியாக இருக்கும்போதும் ஆபத்தில்லாமல் கீழே வைக்க முடிகிற ஒரு சாதனம். அந்த இரண்டுக்கும் பொருந்துவது, தட்டுகளை மாற்றிக்கொள்ளும் ஒரு ஜோடி டம்பெல்தான். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 6.2 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பலன் பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை நீடிக்கும். பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நடைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள், இதை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மல்டி ஜிம் கெட்டது அல்ல. முதுகுக்காகக் கம்பியை மேலிருந்து இழுக்கும் பயிற்சிக்கு அது நல்ல வசதி. ஆனால் இருக்கையும் கைப்பிடியும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத்தான் பொருந்தும். உங்களுக்குச் சரியாக இருப்பது உங்கள் மனைவிக்குச் சரியாக இருக்காது. பல மாடல்களில் எடை ஒரே தாவலில் 5 கிலோ ஏறும். புதிதாகத் தொடங்கும் தோள்பட்டைக்கு அது பெரிய தாவல். கேபிள் தேய்ந்தால் சரி செய்ய ஆள் கிடைப்பதும் சிரமம். அந்த இழுக்கும் பயிற்சியை, கதவின் மேல்பக்கத்தில் மாட்டும், உடற்பயிற்சிக்கான ஒரு ரப்பர் பேண்டை வைத்தே செய்துவிடலாம்.

பெஞ்சில் படுத்துத் தூக்கும் பார் வேண்டாம் என்பதற்கு வேறு காரணம். பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரைத் தூக்கும்போது கடைசித் தூக்கில் கை ஓய்ந்துபோனால், பார் நெஞ்சிலோ கழுத்திலோ இறங்கிவிடும். ஜிம்மில் பக்கத்தில் ஆள் நிற்பார். இருபுறமும் தாங்கு கம்பி உள்ள ரேக்கும் இருக்கும். பூட்டிய அறையில் தனியாக இதைச் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. டம்பெல் என்றால் இரண்டு பக்கமும் இறக்கி வைத்துவிடலாம்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? டம்பெல் கம்பி 14 அங்குலம், முனையில் திருகு நட்டு உள்ளதாக இருக்கட்டும். வெறும் ஸ்பிரிங் கிளிப் சில நாளில் தளர்ந்துவிடும். தட்டில் வார்ப்பிரும்பு என்றால் மெல்லியதாக இருக்கும், கம்பியில் நிறைய ஏற்றலாம். ஆன்லைனில் மலிவாக வரும் பிவிசி செட்டில் உள்ளே பெரும்பாலும் சிமெண்ட்தான். அதனால் தட்டு தடிமனாக இருக்கும், சில தட்டுகளிலேயே கம்பி நிறைந்துவிடும். கீழே விழுந்தால் விரிசலும் விடும். தொடங்குவதற்கு மட்டும் என்றால் பரவாயில்லை. தட்டின் துளையையும் பாருங்கள். வீட்டுக் கம்பிகள் பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர் தடிமன். பெரிய ஜிம்களில் உள்ள ‘ஒலிம்பிக்’ வகைத் தட்டின் துளை 50 மில்லிமீட்டர். இரண்டையும் கலந்து வாங்கினால் ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

பலரும் கோட்டை விடுவது சின்னத் தட்டுகளில்தான். ஒரு டம்பெலில் இரண்டு பக்கமும் தட்டு போட வேண்டும் என்பதால், 2.5 கிலோ தட்டு மட்டும் இருந்தால் எடை ஒரேயடியாக 5 கிலோ கூடும். அரை கிலோ, ஒரு கிலோ தட்டுகளில் தலா நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், பெரிய செட்டை விற்பதில்தான் அவருக்கு அக்கறை. வீட்டுக்கு வந்ததும் தட்டுகளை எடை போட்டுப் பாருங்கள். எழுதியிருக்கும் எடையும் உண்மையான எடையும் வேறாக இருந்தால், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

பெஞ்ச் வாங்குவதானால் சாய்வை மாற்றக்கூடியது வாங்குங்கள். உங்கள் இடுப்புக்கு அது உண்மையிலேயே உதவும். குனிந்து நின்று டம்பெலை இழுப்பதற்குப் பதில், சாய்த்த பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்துப் படுத்து இழுத்தால் இடுப்புக்குப் பாரம் வராது. உங்கள் 84 கிலோவோடு கையில் உள்ள எடையும் சேர்ந்து பெஞ்சில் ஏறும். ஆகவே குறைந்தது 200 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதை, உட்கார்ந்து ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். இடுப்பு பெல்ட் இப்போது வேண்டாம். அது அதிக எடை தூக்குபவர்களுக்கானது. வயிற்றில் அதிர்ந்து கொழுப்பைக் கரைப்பதாக விளம்பரம் செய்யும் பெல்ட் எப்போதுமே வேண்டாம்.

இரண்டாம் மாடி என்பதால் தளம் தாங்குமா என்று யோசிப்பீர்கள். இந்திய விதிப்படி வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. டம்பெல், பெஞ்ச், நீங்கள் எல்லாம் சேர்ந்தாலும் பயமில்லை. உடைவது டைல்ஸும் கீழ் வீட்டுக்காரரின் பொறுமையும்தான். 10 மில்லிமீட்டருக்குக் குறையாத ரப்பர் விரிப்பு போடுங்கள். ரப்பர் பேண்டை வெயில் படாமல் வையுங்கள். அதில் வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுந்தால் கண்ணில்தான் அடிக்கும்.

இனி ரத்த அழுத்தம். 1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனுபவமுள்ள பாடிபில்டர்களின் ரத்தக்குழாயில் நேரடியாகக் கருவி செருகி, முழு பலத்தோடு லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) செய்யும்போது அழுத்தத்தை அளந்தார்கள். சராசரியாக 320/250 வரை போனது. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. அவர்கள் தூக்கியது மிக அதிக எடை; அத்தோடு மூச்சையும் அடக்கினார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். 12 முறை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு, மூன்று முறை முடியும் என்று தோன்றுகிற எடைதான் உங்கள் எடை. முக்கி முனக வேண்டி வந்தால் எடையைக் குறையுங்கள்.

உங்கள் 134/86 தொடங்கத் தடையில்லை. ஓய்வில் 180/110க்கு மேல் இருக்கும் நாளில் எடையைத் தொடவே கூடாது, டாக்டரைப் பாருங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ இருந்தால், டம்பெலுக்கு முன் இதயப் பரிசோதனை. இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ அதையும் முதலில் காட்டுங்கள். குடலிறக்கம் உள்ளவர்களும், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலின் அல்லது கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுக்கும் வாசகர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கலாம். இனிப்பு ஏதாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் மனைவிக்கும் இதே டம்பெல் போதும். தொடைத் தசை வலுவானால் பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் வலி குறையும். முதலில் எடையே இல்லாமல், கைப்பிடியில்லாத நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழட்டும், பத்து முறை. அது சுலபமான பிறகு 2 கிலோ டம்பெல் ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். வலி மறுநாளும் கூடுதலாக இருந்தால் உயரமான நாற்காலிக்கு மாறுங்கள். முழங்கால் வீங்கினாலோ நடக்கும்போது மடங்கினாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

முதல் கொள்முதலாகத் தட்டுகளோடு டம்பெல் ஜோடி, ஒரு பேண்ட், ரப்பர் விரிப்பு போதும். இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் தவறாமல் செய்திருந்தால் அப்புறம் பெஞ்சை வாங்குங்கள்.