வாசகர் கேள்வி: விநயம் யாரை ஏற்றது, யாரை விலக்கியது?

கேள்வி: ஆதி பௌத்தம் எல்லாப் பாலினத்தவரையும் சமமாக ஏற்றது என்கிறார் ஒரு நண்பர், பண்டகர்களுக்கு (பாலியல் இயல்பில் மாறுபட்டவர்களாகக் கருதப்பட்டோருக்கு) துறவே மறுக்கப்பட்டது என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைத் தொகுக்கும் விநய பிடகத்திலேயே இருவருக்கும் சான்று கிடைக்கும். கலவியைத் தடுக்கும் முதல் பாராஜிக விதியையொட்டி (பாராஜிகம் என்பது சங்கத்திலிருந்து நீக்கத்துக்குரிய குற்றம்) ஒரு நிகழ்ச்சி வருகிறது. பிக்கு (ஆண் துறவி) ஒருவருக்குப் பெண்ணின் உடற்குறி தோன்றிவிட, செய்தி புத்தரிடம் செல்கிறது. மறுபடியும் துறவேற்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதே உபாத்தியாயர் (துறவு ஆசான்), அதே உபசம்பதை (முழுத் துறவேற்பு), துறவில் கழிந்த அதே ஆண்டுக்கணக்கு ஆகியவற்றோடு பிக்குணிகளிடம் (பெண் துறவிகளிடம்) சென்று சேர அனுமதிக்கிறார். இரு சாராருக்கும் பொதுவான குற்றங்களுக்குப் பிக்குணிகளிடமே பரிகாரம் தேட வேண்டும்; பிக்குகளுக்கு மட்டும் உரிய குற்றங்கள் அத்துடன் நீங்கிவிடும். பிக்குணி ஆணாக மாறினாலும் இதே ஏற்பாடுதான். அலுவலகக் குறிப்பைப் போன்ற இந்த நிதானம் வியப்பளிக்கிறது.

பண்டகர் விஷயத்தில் அந்த நிதானத்தைக் காணோம். விநய பிடகத்தின் பகுதியான மகாவக்கம் கூறும் கதையில், துறவேற்ற பண்டகர் ஒருவர் இளம் பிக்குகளையும், அவர்கள் விரட்டவே பருத்த உடல்வாகுள்ள சாமணேரர்களையும் (இளநிலைத் துறவிகளையும்), அவர்களும் விரட்டவே யானைப்பாகர்களையும் குதிரைக்காரர்களையும் உறவுக்கு அழைக்கிறார். அழைப்புக்கு இணங்கிய பாகர்களே பிறகு சாக்கியத் துறவிகள் (புத்தரின் சீடர்கள்) அனைவரையும் ஊரறியப் பழிக்கிறார்கள். உடனே, பண்டகருக்கு உபசம்பதை கூடாது, பெற்றிருந்தால் நீக்க வேண்டும் என்ற விதி பிறக்கிறது. முதல் பாராஜிக விதிக்குக் காரணமான பிக்கு சுதின்னர் தம் பழைய மனைவியோடு கூடியபோது தடுக்கப்பட்டது செயல் மட்டுமே. மணமான ஆண்கள் துறவேற்பதை யாரும் தடுக்கவில்லை. இங்கோ ஒருவர் செய்ததற்கு அவரைச் சேர்ந்தவர் அனைவரும் விலக்கப்பட்டார்கள். சங்கத்தின் நற்பெயர் குறித்த அச்சமே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

பண்டகரை இன்றைய மூன்றாம் பாலினத்தவரோடு அப்படியே பொருத்துவதும் சரியன்று. விநயத்துக்கான பிற்கால உரை கூறும் 5 வகைப் பண்டகருள் ஒரு வகையினர், தேய்பிறை நாட்களில் மட்டும் பண்டகராக இருப்பவர்கள்!

தன்பாலின உறவைத் தனிக் கொடுமையாக விநயம் கருதவில்லை. பிக்கு ஆணோடு கலவி கொண்டாலும் பெண்ணோடு கலவி கொண்டாலும் தண்டனை ஒன்றே, சங்கத்திலிருந்து நீக்கம். இல்லறத்தாருக்கான மூன்றாம் சீலத்தை (தவறான பாலுறவைத் தவிர்க்கும் ஒழுக்கத்தை) புத்தரின் போதனைகளான சுத்தங்கள் விளக்கும்போது, பெற்றோர், உடன்பிறந்தார், சுற்றத்தார் ஆகியோரின் காவலில் உள்ள பெண்கள், கணவனுள்ள பெண்கள் போன்றோரைத்தான் விலக்கச் சொல்கின்றன. தன்பாலின உறவு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.