கட்டுவிரியன் என்று அடித்ததும், இல்லை என்று தொடப் போனதும்

வாசலில் கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டு போட்ட பாம்பைப் பார்த்ததாகவும், அது தோட்டத்துச் செங்கல் குவியலுக்குள் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கட்டுவிரியனா இல்லையா, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். இதில் நான் இரண்டு விதமாகவும் தப்பு செய்தவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

செங்கல்பட்டுப் பக்கம் ஏரியை ஒட்டிய மனைப்பிரிவில் எங்கள் வீடு. குடிவந்தபோது சுற்றிலும் காலிமனையும் வேலிக்காத்தான் புதரும்தான். ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால் ஏதாவது ஒன்று படியேறிவிடும். அம்மா ராத்திரியில் பாம்பு என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். "வாசல்ல பூச்சி இருக்குடா" என்றால் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

முதல் வருஷம் அப்படித்தான் கூப்பிட்டார். டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ஒரு முழ நீளத்தில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளைக் கட்டு. பக்கத்து வீட்டு அண்ணன் "கட்டுவிரியன்டா, விட்ராத" என்று மூங்கில் கழியோடு வந்துவிட்டார். நான் வெளிச்சம் பிடித்தேன், அவர் அடித்தார். காலையில் அதை அள்ளிப் புதைக்கும்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். நிறம் கறுப்பே இல்லை, பழுப்பு. கழுத்தில் அகலமாக ஒரு வெளிர் வளையம். கட்டுகள் தலைப்பக்கம் பளிச்சென்று இருந்து, வால் பக்கம் போகப்போக மங்கி, கடைசியில் இல்லாமலே போயிருந்தன. அது வெள்ளிக்கோல் வரையன். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். துளியும் விஷம் கிடையாது. டியூப்லைட்டைச் சுற்றி வரும் பல்லியைத் தின்ன வந்திருக்கிறது, பாவம்.

அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தேன். வளர்ந்த கட்டுவிரியனுக்கு எல்லாம் நேர்மாறு. எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும் கறுப்பு. மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக ஓடும். தலைப்பக்கம் கோடுகள் மங்கலாகவோ, வெறும் புள்ளியாகவோ இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. வால் பக்கம்தான் தெளிவு. நடு முதுகில் ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றதைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, தெருவில் யார் போட்டோ அனுப்பினாலும் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, புரட்டாசியில் ஒரு ராத்திரி, பாத்ரூம் வாசலில் கால்மிதிக்குப் பக்கத்தில் ஒன்று. அதுவும் ஏறக்குறைய ஒரு முழம்தான். கழுத்திலிருந்தே கட்டு தெரிந்தது. "அட, நம்ம வரையன்" என்று விளக்குமாற்றையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு போனேன், வெறுங்காலோடு. என் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்தார். "என்னங்க, உங்க படிப்பை நாளைக்கு வச்சுக்கலாம், இப்ப கூப்பிடுங்க."

எங்கள் பகுதியில் கூப்பிட்டால் வருவார் ஒரு இருளர் பெரியவர். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து பெரும்பாலும் அவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் தயாராகிறது. இவரும் இளம் வயதில் அந்தச் சங்கத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர். வந்தார், வாசலிலேயே நின்று பார்த்தார். "சார், இது கட்டுவிரியன் குட்டி. குட்டிக்குக் கழுத்து வரைக்கும் கட்டு நல்லாவே தெரியும். பெருசானாத்தான் முன்பக்கம் மங்கும்." கொக்கிக் கம்பியால் தூக்கி பிளாஸ்டிக் ஜாடிக்குள் விட்டு மூடியபின், டார்ச் அடித்து நடு முதுகுச் செதிலைக் காட்டினார். அறுகோணம், ஒன்றன்பின் ஒன்றாக. முறத்தை நான் இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இப்போது என்ன பாம்பு என்ற ஆராய்ச்சியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் குழந்தைகளையும் நாயையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது, விளக்கைப் போடுவது. அப்புறம் பத்தடி தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்ப்பது. மற்றவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிந்த பாம்பு பிடிப்பவருக்கோ போன் போடுவது. போட்டோ வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்து ஜூம் செய்து எடுக்கலாம். அது வெளியே போக வழி இருந்தால் மறிக்காதீர்கள். மண்ணெண்ணெய், பினாயில், உப்பு எதையும் ஊற்றவோ தூவவோ வேண்டாம். சிறியாநங்கை நட்டால் பாம்பு வராது என்று எங்கள் வீட்டிலும் வரிசையாக நட்டோம். அந்தச் செடிக்கு அடியிலேயே ஒரு சாரைக் குட்டியைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுவிரியன் விஷயத்தில் எனக்குப் பயமே கடிதான். தரையில் படுத்துத் தூங்குபவர்களை ராத்திரியில் கடிக்கும். பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது, கடித்த தடமே தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார்கள், வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுப்போம். கண்ணிமை தானாகச் சொருகுவதும் பேச்சு குழறுவதும் பிறகு வரும், அதன்பின் மூச்சு. தரையில் படுத்தவர் இப்படிச் சொன்னால் பாம்பைப் பார்க்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்தது தெரிந்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, ஆளை அசைய விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் ஊரில் போடுகிற மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். டாக்டர் அறிகுறியைப் பார்த்துப் போடுவார்.

உங்கள் பாம்புக்கு வருகிறேன். கட்டு எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் இப்போது நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். பகலில் கட்டுவிரியன் சுருண்டு கிடக்கிற இடம் செங்கல் குவியல், எலி வளை இப்படித்தான். ஆகவே அந்தச் செங்கலை இன்றைக்குக் கையால் எடுக்காதீர்கள். நாளைக் காலையில் பிடிப்பவரை வரச்சொல்லி அவர் முன்னால் கலைத்துவிட்டு, மிச்சக் கல்லை வீட்டிலிருந்து தள்ளி அடுக்குங்கள். அதுவரை கட்டிலில் படுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். பாத்ரூம் கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் இன்று ராத்திரிக்கு ஒரு பழைய கோணிப்பையாவது சுருட்டி அடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வந்தது அந்த வழியாகத்தான்.