கெண்டைக்கால் மட்டும் ஏறவே மாட்டேங்குது, விட்டுடலாமா?

கேள்வி: ரெண்டு வருஷமா ஜிம் போறேன். நெஞ்சு, கை, முதுகு எல்லாம் நல்லா ஏறிடுச்சு, கெண்டைக்கால் மட்டும் குச்சி மாதிரியே நிக்குது. தினமும் ஒர்க்அவுட் முடிச்சதும் கடைசில கால்ஃப் ரைஸ் (குதிகால மேல தூக்கி இறக்கற பயிற்சி) 3 செட், செட்டுக்கு 25 ரெப், அதாவது 25 தடவ போடறேன். எல்லாம் ஜீன்தான்னு சொல்றாங்க. உண்மையா?

பதில்: பாதி உண்மை தம்பி. கெண்டைத் தசை எதுவரைக்கும் இறங்கி எங்க டெண்டனா (தசைய எலும்போட சேக்கற நாரா) மாறுதுங்கறது பொறக்கும்போதே முடிவாயிடற விஷயம். சிலருக்கு முழங்காலுக்குக் கீழ உருண்டையா திரண்டு அதோட நின்னுடும், எந்த எக்சர்சைஸ் பண்ணாலும் அத கீழ இழுத்துட்டு வர முடியாது. ஆனா இருக்கற தசைய தடிமனாக்கலாம், அத ஜீன் முழுசா தடுக்காது.

நீங்க எழுதினதுலயே காரணம் இருக்கு. "கடைசில"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, நெஞ்சு நாள்ல பெஞ்ச் பிரெஸ்ஸ கடைசில, வீட்டுக்குக் கிளம்பற அவசரத்துல போடுவீங்களா?

அடுத்தது அந்த 25 ரெப். ஜிம்ல முக்காவாசி பேர் கால்ஃப் ரைஸ் போடறத பாத்தா டக்கு டக்குனு குதிக்கற மாதிரிதான் இருக்கும். குதிகாலுக்கு மேல கெட்டியா இருக்கே அக்கிலிஸ் டெண்டன், அது ஸ்பிரிங் மாதிரி, வேகமா இறங்கினா இழுபட்டு சக்தியச் சேத்து வச்சுக்கிட்டு அதுவே உங்கள மேல தூக்கி விட்டுடும், தசைக்கு வேலை குறைஞ்சிடும். இன்னைக்கே ஒரு தடவ இப்படி போட்டுப் பாருங்க. படி ஓரத்துல முன்பாதத்த மட்டும் வச்சு, குதிகால முழுசா கீழ விட்டு, கெண்டை நல்லா இழுபடற இடத்துல மனசுக்குள்ள ஒன்னு, ரெண்டு எண்ணிட்டு, எம்பாம மேல வந்து, திரும்ப 3 செகண்ட் எடுத்து இறங்குங்க. 25 அசால்ட்டா போடற ஆளு 12 தாண்டறதுக்குள்ள நடுங்கிடுவாரு. அந்த கீழ் பாதிதான் முக்கியம், நாம எல்லாரும் விடறதும் அதத்தான்.

நின்னுட்டு போடறதா உக்காந்து போடறதான்னு அடுத்து கேப்பீங்க. கெண்டைல ரெண்டு தசை, வெளிய தெரியறது கேஸ்ட்ரோக்னிமியஸ், அடில இருக்கறது சோலியஸ். வெளிய இருக்கறது முழங்காலுக்கு மேல தொடை எலும்புல இருந்து கிளம்புது, அதனால முழங்கால மடக்கி உக்காந்தா தொளதொளன்னு ஆயிடும், சரியா வேலை செய்யாது. 2023ல வந்த ஒரு ஆய்வுல ஒரே ஆளோட ஒரு கால நின்னுட்டும் இன்னொரு கால உக்காந்தும் 12 வாரம் பயிற்சி கொடுத்தாங்க. கேஸ்ட்ரோக்னிமியஸோட வெளிப்பக்கப் பாகம் நின்ன கால்ல 12% கிட்ட வளந்துச்சு, உக்காந்த கால்ல 2% கூட இல்ல. சோலியஸ் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒன்னுதான்.

அதனால தினமும் போடறத நிறுத்துங்க. வாரத்துக்கு 3 நாள், வார்ம் அப் முடிஞ்சதும் முதல் வேலையா நின்னுட்டு போடற கால்ஃப் ரைஸ் 4 செட், 8லருந்து 15 ரெப், கடைசி ரெப்புக்கு அப்புறம் இன்னும் ஒன்னு ரெண்டுதான் முடியும்ங்கற அளவு வெயிட். முதல் ரெண்டு வாரம் 2 செட் போதும், இல்லன்னா மறுநாள் மாடிப்படி இறங்கும்போது என்னத் திட்டுவீங்க. வெயிட்டயும் ரெப்பையும் எழுதி வைங்க, பெஞ்ச் எவ்ளோன்னு கேட்டா தூக்கத்துல சொல்றவங்களுக்கு கால்ஃப் ரைஸ் வெயிட் ஞாபகமே இருக்காது.

சாப்பாட்ட பொறுத்தவரைக்கும் உடம்பு எடைல கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன், 70 கிலோன்னா 112 கிராம், அவ்ளோதான். காலைல எழுந்து வைக்கற முதல் அடில குதிகாலுக்கு மேல விறைப்பா வலிச்சா அது தசை வலி இல்ல, டெண்டன், வெயிட்ட குறைச்சுட்டு பிசியோகிட்ட காட்டுங்க.

மாசத்துக்கு ஒரு தடவ, காலைல, கெண்டைல அதே இடத்துல டேப் வச்சு அளங்க. நின்னு போடற மெஷின்ல கூட்டம்னு உக்காந்து போடற மெஷினுக்கு மட்டும் போயிடாதீங்க, படி ஓரமும் ஒரு டம்பலும் போதும், ஒத்தக் கால்ல போடுங்க.