போகோட்டா உணவகப் பில்லில் வரும் 10% கட்டாயமா?

இல்லை, அந்த 10% கட்டாயம் இல்லை. பில்லில் "புரோப்பினா" என்று இருந்தால் அது டிப்ஸ். கொலம்பியாவில் 2018-இல் வந்த 1935-ஆம் எண் சட்டப்படி கொடுப்பதும் குறைப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

பில்லில் தனியாகக் காட்டப்படும் இன்னொரு 8% வேறு. அது உணவகங்களுக்கான நுகர்வு வரி, "இம்போகான்சுமோ". அதை நீக்கச் சொல்ல முடியாது. ஆனால் மெனுவில் போட்ட விலையிலேயே அது அடக்கம். பில்லில் பிரித்துக் காட்டுவதால்தான் இரண்டு முறை வாங்கியதுபோலத் தெரிகிறது.

மெனு விலைகளைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் அதைவிடச் சுமார் 10% அதிகமென்றால் டிப்ஸ் சேர்ந்துவிட்டது. கார்டைத் தேய்ப்பதற்கு முன்பே "சின் செர்விசியோ, போர் ஃபவோர்" (சேவைத் தொகை வேண்டாம், தயவுசெய்து) என்றால் எடுத்துவிடுவார்கள். அப்புறம் "எத்தனை குவோத்தாஸ்?" என்று கேட்பார்கள். அது தவணைக் கணக்கு. ஒரே தவணை என்பதற்கு "ஊனா" (ஒன்று) என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: டேஸ்டிங் மெனுவுக்கு (சிறு சிறு தட்டுகளாக வரிசையாக வரும் விருந்து) முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்தால், அதில் சேவைத் தொகை ஏற்கெனவே இருக்கிறதா என்று அந்த ரசீதைப் பாருங்கள்.

அமேசான் மீனையும் கொலம்பியாவின் சாந்தாந்தேர் பகுதி எறும்பையும் ஒவ்வொரு தட்டாக விளக்கிப் பரிமாறுகிறவர்களுக்கு நான் முழு 10% கொடுப்பேன். சட்டப்படி அந்தப் பணம் ஊழியர்களுக்குத்தான் போகவேண்டும்.