நாலு மைலுக்கு நாலு மணி நேரமா? ஹட்சன் கரைப் பாறைகளில் நடக்கப் போகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: நியூயார்க் நகரத்துக்குச் சற்று வடக்கே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், பாலிசேட்ஸ் பாறைச் சுவரை ஒட்டி இருக்கும் ‘ஜயண்ட் ஸ்டேர்ஸ்’ சுற்றுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மொத்தமே 4 மைல்தான். ஆனால் நாலு மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள். தினமும் மணிக்கு 3 மைல் நடக்கும் எங்களுக்கும் அவ்வளவு ஆகுமா?
— வாசகி, எடிசன்

பதில்: ஆகும். அந்த 4 மைலில் ஏறக்குறைய ஒரு மைலுக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. மேலே இருந்து உடைந்து விழுந்த பாறைகள் ஆற்றங்கரையில் குவிந்து கிடக்கின்றன. சில பெட்டி அளவு, சில வேன் அளவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையூன்றி ஏறி, உட்கார்ந்து இறங்கித்தான் கடக்க வேண்டும். அந்த ஒரு மைலுக்கே ஒன்றரை மணி நேரம் பிடித்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சுற்றை இப்படிப் போடுங்கள். பாறைச் சுவரின் உச்சியில் இருக்கும் ஸ்டேட் லைன் லுக்அவுட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, நீலப்பச்சைக் குறி போட்ட ‘லாங் பாத்’தில் தெற்கே நடங்கள். கோட்டை கோபுரம் போல ஒரு சின்னக் கல் மண்டபம் வரும். 1890-களில் இந்தப் பாறைகளைக் கல்லுக்காக வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கப் போராடிய நியூ ஜெர்சி மகளிர் மன்றங்களுக்கு 1929-ல் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். அவர்கள் இல்லையென்றால் நீங்கள் நடக்க இந்தப் பாறை மிஞ்சியிருக்காது.

அங்கிருந்து நீலமும் வெள்ளையுமாகக் குறி போட்ட பாதையில் ஆற்றங்கரைக்கு இறங்கி, இடப்பக்கம் திரும்பி, வெள்ளைக் குறியிட்ட ‘ஷோர் ட்ரெயில்’லில் வடக்கே போக வேண்டும். ஆறு உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் சரியான திசை. பாறைக் குவியல் முடிந்தபின் நியூயார்க் மாநில எல்லையைத் தாண்டி ‘பீனட் லீப்’ என்ற சிற்றருவி வரும். அங்கிருந்து மேலேறி, மறுபடி லாங் பாத்தில் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடம்.

இந்தத் திசையில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கால் தெம்பாக இருக்கும்போதே பாறைகளைக் கடந்துவிடலாம். கடைசி ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் முழங்காலைப் பதம் பார்க்காது. களைத்த காலோடு செங்குத்தாக இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகும். அந்த ஏற்றத்துக்கென்று அரை லிட்டர் தண்ணீரைத் தொடாமல் வைத்திருங்கள். ஆளுக்கு 2 லிட்டர், ஜூலை வெயிலில் 3 லிட்டர் தேவை.

இன்னொன்று: பாறைக்குள் நுழைந்துவிட்டால் நடுவில் வெளியேற வழியில்லை. முதல் பத்து நிமிடத்திலேயே குழுவில் ஒருவருக்குப் பயமோ தடுமாற்றமோ வந்தால், அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கைத்தடி, நல்ல பூட்ஸ் எல்லாம் வாங்கியிருக்கிறேன். போதுமா?
— வாசகர், ஜெர்சி சிட்டி

பதில்: கைத்தடியைப் பாறைப் பகுதிக்கு முன்னால் மடக்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். நுனி இடுக்கில் சிக்கினால் உங்களையும் சேர்த்து இழுக்கும். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும்; ஒன்றுதான் நகர வேண்டும். தாவவே தாவாதீர்கள். பெரிய பாறையும் ஆடும். அதனால் முழு எடையைப் போடுவதற்கு முன் காலால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

பூட்ஸின் உயரத்தைவிட அடிப்பாகத்தின் பிடிமானம்தான் முக்கியம். தேய்ந்த பூட்ஸைவிட, அடி மென்மையாக, பிடிப்பாக இருக்கும் ஓட்டக் காலணி எவ்வளவோ மேல். செருப்பு, சாண்டல் வேண்டாம். முந்தின இரவு மழை பெய்திருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். அந்தப் பாறைமேல் படிந்த பாசி காய்ந்திருக்கும்போது உப்புத்தாள் மாதிரி பிடிக்கும், நனைந்தால் சோப்பு.

கேள்வி: அங்கே பாறை சரிந்து விழும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், பார்சிப்பனி

பதில்: உண்மை. 2012 மே மாதம் ஸ்டேட் லைன் அருகே பாறைச் சுவரின் ஒரு பெரும்பகுதி இடிந்து விழுந்தது. பக்கத்தில் உள்ள லமோண்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்தின் நிலநடுக்கமானி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. நீங்கள் நடக்கப்போகும் குவியலே இப்படி விழுந்து விழுந்து சேர்ந்ததுதான்.

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் பாறை அடுக்குகளுக்கு நடுவே புகுந்த எரிகுழம்பு மெதுவாகக் குளிர்ந்து, சுருங்கி, நெடுக்காக வெடித்தது. அதனால்தான் சுவர் முழுக்கத் தூண் தூணாகத் தெரிகிறது. அந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, உறைந்து, விரிந்து, ஆப்பு அடித்தது போலத் தூணைத் தள்ளும். பகலில் உருகி இரவில் உறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுவருக்கு அடியில் போகாமல் இருப்பது நல்லது. கனமழைக்கு மறுநாளும் அப்படித்தான். மற்ற நாட்களில் மதிய உணவுக்குச் சுவரடியில் உட்காராதீர்கள். தண்ணீர்ப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். தேடினால், பழுப்பேறிய பாறைகளுக்கு நடுவே வெளிறிய சாம்பல் நிறத்தில், விளிம்பு கூராக இருக்கும் கற்கள் கண்ணில் படும். அவை விழுந்து அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: உண்ணி, பாம்பு, பாய்சன் ஐவி மூன்றுக்கும் பயந்து என் கணவர் வர மறுக்கிறார்.
— வாசகி, பிரின்ஸ்டன்

பதில்: பாம்பைப் பற்றிச் சுருக்கமாக: காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பு இந்தப் பாறைகளில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

பாய்சன் ஐவி நம் சேங்கொட்டையின் உறவுச் செடி. அந்தக் காலத்தில் வண்ணான் குறி போடும் கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்குமே, அதே வகை எண்ணெய்தான் இதிலும் இருக்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை இருந்தால் ஒதுங்குங்கள். பட்டுவிட்டால் முடிந்தவரை சீக்கிரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காலணியின் நாடாவையும் கழுவ வேண்டும்; பலருக்கு மறுவாரம் திரும்பவும் அரிப்பு வருவது அந்த நாடாவால்தான்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உண்ணிக்கு. மே முதல் ஜூலை வரை திரியும் குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். முழுக்கால் சட்டையை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் குளித்து, முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டை, காதுக்குப் பின் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். எண்ணெய் விடுவது, சூடு வைப்பது வேண்டாம். லைம் நோய் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்கும் உண்ணியால்தான் பரவுகிறது. அதனால் அன்றைக்கே பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்த ஒரு மாதத்தில் பரவும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 68, முழங்கால் வலி. புடவையில்தான் இருப்பார். அவருக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா?
— வாசகர், பிஸ்கேட்டவே

பதில்: தாராளமாக. ஸ்டேட் லைன் லுக்அவுட்டிலேயே, வண்டியை விட்டு இறங்கிச் சில அடி நடந்தால் தடுப்புச் சுவர், 500 அடிக்குக் கீழே ஹட்சன் ஆறு. பக்கத்தில் பழைய 9டபிள்யூ சாலையின் ஒரு துண்டு வண்டி போகாமல் விடப்பட்டிருக்கிறது. மரநிழலில் தார்ச் சாலை, படிகள் இல்லை. செப்டம்பர் மத்தியில் தெளிவான நாளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். வலசை போகும் பருந்துகள் கூட்டமாக வட்டமிட்டு மேலேறும். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் நடக்க ஆசைப்பட்டால் ஆல்பைன் படகுத்துறையில் இறங்கி, அங்கிருந்து ஷோர் ட்ரெயிலில் தெற்கே கொஞ்ச தூரம் போய்த் திரும்புங்கள். புடவையை ஒரு சாண் தூக்கிச் சொருகிக்கொள்ளச் சொல்லுங்கள், உண்ணிக்காக.

கேள்வி: மரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வண்ணப் பட்டை அடித்திருந்தால் என்ன பொருள்?
— வாசகி, ஹோபோக்கன்

பதில்: பாதை திரும்புகிறது. மேல்பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மூன்று பட்டை இருந்தால் பாதையின் தொடக்கம் அல்லது முடிவு. ஜயண்ட் ஸ்டேர்ஸில் மரம் குறைவு, குறி பாறைமேலேயே இருக்கும். கொஞ்ச நேரம் ஏறி இறங்கியும் அடுத்த வெள்ளைப் பட்டை தென்படவில்லையென்றால், கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்பி வந்து தேடுங்கள்.