“வயர் இழுக்கவா சுவிசுக்கு வந்தோம்?”

கேள்வி: சூரிச் மாநிலத்தில் இருக்கிறோம். மகனுக்குப் பதினான்கு வயது. இடைநிலைப் பள்ளியின் மேல் பிரிவான செக் ‘ஆ’வில் இரண்டாம் வகுப்பு, அதாவது மொத்தத்தில் எட்டாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு முடிவில், பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் கிம்னாசியப் பள்ளிக்கான தேர்வு எழுதினான், எடுபடவில்லை. இப்போது வகுப்பாசிரியர் லேர (தொழிற்பயிற்சி) தேடச் சொல்கிறார். அவனும் ஒரு கம்பனியில் இரண்டு நாள் எலக்ரீசியன் வேலையைப் போய்ப் பார்த்துவிட்டு, அதுதான் பிடித்திருக்கிறது என்கிறான். என் கணவர் வந்த நாளில் இருந்து ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. “நான் சட்டி கழுவினது இவன் வயர் இழுக்கவா?” என்று வீட்டில் ஒரே சண்டை. அவருடைய அண்ணாவின் மகள் கிம்னாசியத்தில் படிக்கிறாள். மகனை டியூஷனுக்கு அனுப்பி மறுபடி தேர்வு எழுத வைக்கலாமா? லேர செய்தால் பிறகு இஞ்சினியராக முடியுமா, இல்லை அத்தோடு சரியா?
— ஒரு தாய், வின்ரர்தூர்

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். எலக்ரீசியன் லேர முடித்தவர் மின்பொறியியல் பட்டம் எடுக்கலாம். அதற்குத் தூர ஊருக்குப் போகவும் தேவையில்லை. உங்கள் வின்ரர்தூரிலேயே சூரிச் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த வழி தானாகத் திறக்காது. எந்த லேர, அதோடு எந்தச் சான்றிதழ் என்பதில் இப்போதே கவனம் வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கணவரின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஊரில் நாங்கள் பார்த்தது ஒரே ஏணி. ஓ.எல்., ஏ.எல்., கம்பஸ். அதில் தவறியவர்தான் தொழில் பழகப் போவார். அந்தக் கணக்கை இங்கே போட்டால் விடை பிழைக்கும். சுவிசில் கட்டாயப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். கிம்னாசியம் முடித்து மத்தூரா என்ற பல்கலைக்கழக நுழைவுச் சான்றிதழ் எடுப்பவர்கள் நாடு முழுக்கப் பார்த்தால் ஐந்தில் ஒருவர் அளவுதான், கொஞ்சம் கூட. அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜெனீவாவிலும் பாசல் நகரிலும் அதிகம், சென்காலனில் நல்லாய்க் குறைவு. சென்காலன் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்று யாரும் சொல்வதில்லை. அங்கே கதவு அந்த அளவுக்குத்தான் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்கள் மகன் தவறிய தேர்வு பன்னிரண்டு வயதில் எழுதியது. ஜெர்மன், கணக்கு, அவ்வளவுதான். வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைக்கு அதில் எங்கே இடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதை வைத்து அவன் கெட்டிக்காரனா இல்லையா என்று யாராவது தீர்ப்புச் சொன்னால், அந்த ஆளின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சரி, லேர என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? ஒரு கம்பனி உங்கள் மகனோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யும். அவன் பதினெட்டுக்குக் கீழ் என்பதால் நீங்களும் கையெழுத்துப் போடவேண்டும். மாநிலத்தின் தொழிற்கல்வி அலுவலகம் அங்கீகரித்த பிறகுதான் அது செல்லும். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலை, ஒன்று இரண்டு நாள் தொழிற்பள்ளி. அவ்வப்போது அந்தத் தொழிலின் சங்கம் நடத்தும் பொதுப் பயிற்சி வகுப்புகளும் வரும். எலக்ரீசியன் என்றால் சுவரைத் துளைத்து வயர் இழுப்பது உண்டு, மறைக்கவில்லை. முதல் வருடத்தில் அதுதான் நிறைய. ஆனால் பள்ளி நாளில் மின்னியல் கணக்கு, வரைபடம் வாசிப்பது, பாதுகாப்பு அளவீடு, கட்டடத் தானியங்கி முறைகள் என்று போகும். ஜெர்மனும் சமூகக் கல்வியும் கூட இருக்கும். முடிவில் கூட்டரசு அங்கீகரித்த தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். அது பாசலிலும் செல்லும், லுகானோவிலும் செல்லும்.

பயிற்சிக் காலத்தில் சம்பளமும் உண்டு. பெரும்பாலான தொழில்களில் முதல் வருடம் மாதம் ஆயிரம் பிராங்குக்குக் கீழ்தான், வருடா வருடம் கூடும். இருபது வயது வரைக்கும் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து வாரம் லீவு. தொழில் பழக வந்த பிள்ளையைத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலைக்கு வைத்திருக்கக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் கணவர் குசினியில் பட்டதை மகனும் படுவான் என்று பயப்படுகிறார். அவர் எந்த ஒப்பந்தப் பாதுகாப்பும் மொழியும் இல்லாமல் அந்த வேலைக்குள் போனவர். இவன் ஒரு பாடத்திட்டத்துக்குள் போகிறான். இரண்டும் ஒன்றில்லை.

இனி இஞ்சினியர் கதை. இங்கேதான் கவனம் வேண்டும். ‘எலக்ரீசியன் லேர’ என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில் இரண்டு இருக்கிறது. நான்கு வருடத்து எலெக்ட்ரோ இன்ஸ்டலாட்டர் ஒன்று. மூன்று வருடத்து மொன்ராஜ எலெக்ட்ரீக்கர் மற்றது. இரண்டுக்கும் ஒரே வகைச் சான்றிதழ்தான், ஆனால் மூன்று வருடத்தில் குழாயும் வயரும் பொருத்துவதே பெரும்பகுதி, கோட்பாடு குறைவு. சில கம்பனிகள் வெளிநாட்டுப் பெயரைப் பார்த்ததும் மூன்று வருடத்தையே முதலில் நீட்டும். செக் ‘ஆ’வில் கணக்கு ஒழுங்காகச் செய்கிற பிள்ளை நான்கு வருடத்தைத்தான் கேட்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதோடு தொழில் மத்தூரா. இதை லேர செய்துகொண்டே எடுக்கலாம். அப்படியென்றால் சூரிச்சில் அதற்கும் மூன்றாம் வகுப்பில் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. கம்பனியும் கூடுதல் பள்ளி நேரத்துக்குச் சம்மதிக்கவேண்டும், எல்லாரும் சம்மதிக்கமாட்டார்கள், ஆகவே நேர்முகத்திலேயே கேட்டுவிடவேண்டும். இல்லையா, லேர முடித்த பிறகு ஒரு வருடம் முழுநேரமாகவோ, வேலை செய்துகொண்டு கூடுதல் காலத்திலோ எடுக்கலாம். இரண்டாவது வழியை நான் குறைவாக நினைக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை புது வேலை, புதுப் பள்ளி, கூடவே மத்தூரா என்று மூச்சுத் திணறுவதைவிட, பத்தொன்பது இருபது வயதில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து படிப்பது பல பிள்ளைகளுக்கு நல்லது.

தொழில் மத்தூரா கையில் இருந்தால் தன் துறையில் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துக்கு நுழைவுத் தேர்வு இல்லாமல் போகலாம். முழுநேரம் என்றால் மூன்று வருடத்தில் பட்டம். கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் இஞ்சினியர், அதற்குள் நான்கு வருட வேலை அனுபவமும். கிம்னாசியம் போய், பிறகு ஈதேகா என்ற சூரிச் கூட்டரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இளநிலையும் முதுநிலையும் முடிக்கிற பிள்ளையும் வெளியே வருவது கிட்டத்தட்ட அதே வயதில்தான். பட்டப்படிப்பே வேண்டாம் என்றாலும் அத்தோடு சரி இல்லை. கூட்டரசின் தொழில் தேர்வு, அதற்கு மேல் உயர் தொழில் தேர்வு என்று படிகள் இருக்கின்றன. சொந்தமாக மின்னியல் கம்பனி திறந்து லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்றால் அந்த மேல் படித் தகுதிதான் கேட்பார்கள்.

கசப்பான பக்கத்தையும் சொல்லவேண்டும். உங்கள் மகன் டொக்டராக வேண்டும், வக்கீலாக வேண்டும் என்று கேட்டிருந்தால் என் பதில் வேறு. லேர வழியாகவும் போகலாம்தான். தொழில் மத்தூராவுக்குப் பிறகு பஸ்ஸரெல் என்று ஏறக்குறைய ஒரு வருடத்துக் கடும் படிப்பு, அதன் தேர்வில் தேறினால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கதவு திறக்கும். ஆனால் அது சுற்றுவழி, பலர் பாதியில் களைத்துப்போவார்கள். ‘இங்கே எல்லா வழியும் திறந்தது’ என்று அதிகாரிகள் கூட்டங்களில் சொல்வது உண்மைதான். எல்லா வழியும் ஒரே தூரம் என்று மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

அப்போ டியூஷன்? அவன் வகுப்பில் கணக்கிலும் ஜெர்மனிலும் ஆறு புள்ளிக்கு ஐந்துக்கு மேல் சுலபமாக எடுத்து, புத்தகத்தோடு இருக்கப் பிடிக்கிற பிள்ளை என்றால், இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பில் இருந்து குறுகிய கிம்னாசியத்துக்குத் தேர்வு எழுதட்டும், தவறில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் அவன் கிம்னாசியத்தை விரும்புகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. விரும்புவது அப்பாவும், அப்பாவின் அண்ணா வீடும். டியூஷனால் தேர்வைத் தாண்டினாலும் உள்ளே முதல் அரையாண்டு சோதனைக் காலம். அதில் திரும்பி வரும் பிள்ளைகள் உண்டு, அப்படி வருவது பன்னிரண்டு வயதில் தவறியதைவிட வலிக்கும். என்னைக் கேட்டால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

உண்மையில் நீங்கள் பயப்படவேண்டியது நாட்களைப் பார்த்து. அவனுடைய லேர தொடங்கப்போவது மூன்றாம் வகுப்பு முடிந்து வரும் ஓகஸ்டில். இன்னும் காலம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கம்பனிகள் ஒரு வருடம் முன்பே இடங்களை அறிவித்துவிடும். மூன்றாம் வகுப்பு தொடங்கிய அந்த இலையுதிர் காலத்திலேயே நல்ல இடங்கள் பல நிரம்பும். வீட்டில் கிம்னாசியமா லேரயா என்று சண்டை நீளும் ஒவ்வொரு மாதமும் அவன் கையிலிருந்துதான் போகிறது.

விண்ணப்பத்தோடு அவன் அனுப்பப்போவது பள்ளிச் சான்றிதழ். அதை எடுத்து வைத்துப் பாருங்கள். எங்கள் ஆட்கள் புள்ளிகளைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவோம். அதே தாளில் நடத்தைக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. நேரத்துக்கு வருகிறானா, கவனமாக வேலை செய்கிறானா, மற்றவரோடு மரியாதையாக நடக்கிறானா என்று ஒவ்வொரு வரியிலும் ஆசிரியர் ஒரு புள்ளடி போட்டிருப்பார். காரணம் சொல்லாமல் வராத பாடங்களின் எண்ணிக்கையும் கூடவே இருக்கும். கணக்கில் நாலரை என்றால் கம்பனிக்காரர் பொறுத்துக்கொள்வார். காரணமில்லாத லீவும், ‘நேரத்துக்கு வருவது’ என்ற வரியில் தள்ளிக் கிடக்கிற புள்ளடியும் இருந்தால் கோப்பை அப்படியே ஓரம் வைப்பார். காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைத்தளத்தில் நிற்கவேண்டிய பிள்ளையைத்தானே அவர் தேடுகிறார்.

பெயர் விஷயத்தையும் மூடி மறைக்க வேண்டாம். தகுதி ஒன்றாக இருந்தாலும் வெளிநாட்டுப் பெயருக்குப் பதில் குறைவாக வருகிறது என்று இங்குள்ள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதை வெல்லச் சிறந்த வழி, பேப்பரில் பெயராக இல்லாமல் நேரில் ஆளாகத் தெரிவது. அதற்குத்தான் ஷ்னுப்பர், அதாவது சில நாள் போய் வேலையைப் பார்த்துப் பழகுவது. அவன் போய் வந்த அந்த இரண்டு நாள் அப்படிப்பட்டதுதான். அந்தக் கம்பனி அவனைப் பற்றி ஒரு மதிப்பீட்டுத் தாள் கொடுத்ததா? கொடுக்கவில்லை என்றால் அவனே போன் எடுத்துக் கேட்கட்டும். நீங்கள் எடுக்கவேண்டாம். இன்னும் இரண்டு மூன்று இடங்களில், ஒன்று எலக்ரீசியனாகவும் மற்றவை அவுட்டோமாட்டிக்கர் (தானியங்கி முறைகள்), இன்ஃபொர்மாட்டிக்கர் (கணினித் துறை) போன்றவையாகவும், போய்ப் பார்க்கட்டும். இரண்டுமே நான்கு வருட லேர, மின்சாரத்தோடும் கணினியோடும் பழகப் பிடித்த பிள்ளைக்குப் பக்கத்துத் தொழில்கள். பிடித்தது எலக்ரீசியன் வேலையா, அந்த இடத்தில் இருந்த நல்ல மனிதரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கணவரை என்ன செய்வது என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகியாக உயர்ந்த செர்ஜியோ எர்மோட்டி லுகானோவில் வங்கி லேரயில் தொடங்கியவர், 1973-இல் கூட்டரசு அமைச்சராகத் தெரிவான வில்லி ரிட்ஷார்ட் வெப்பக் குழாய் பொருத்துகிற தொழிலாளியாக இருந்தவர் என்றெல்லாம் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் இவற்றைச் சொல்லி அவரை மடக்க முடியாது, “ஆயிரத்தில் ஒருவனைக் காட்டாதே” என்பார், அதில் நியாயமும் இருக்கிறது. பதிலாக அவரைத் தொழில் தகவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வின்ரர்தூரிலேயே இருக்கிறது. தொழில் ஆலோசகரோடு மகனையும் வைத்து அவரே கேள்வி கேட்கட்டும். வகுப்பாசிரியரோடு நடக்கும் பெற்றோர் சந்திப்புக்கும் அவர் வரட்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்வதை அப்பாவுக்குச் சொல்லும் வேலை பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அநியாயம், பாதி வசனங்கள் வழியிலேயே மாறிவிடும்.

இடம் கிடைக்காமல் போனால் என்ன என்று யோசிப்பீர்கள். ஒரு வருடத் தொழில் தயாரிப்பு ஆண்டு இருக்கிறது, அதற்கும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் உண்டு, ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். கிடைத்த பிறகு பிடிக்காமல் போனாலும் உலகம் அழியாது. ஒப்பந்தங்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல் இடையில் முறிகின்றன, பெரும்பாலானவர்கள் வேறு இடத்திலோ வேறு தொழிலிலோ மறுபடி தொடங்குகிறார்கள். தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்று மாதம் வரை சோதனைக் காலம் இருப்பதும் அதற்காகத்தான்.

லேர தொடங்கியதும் பிள்ளைப்பணம் நின்றுவிடும் என்று சிலர் பயப்படுத்துவார்கள். நிற்காது, பயிற்சி முடியும்வரை, அதிகபட்சம் இருபத்தைந்து வயது வரைக்கும், பயிற்சிப்படியாக வரும். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை உங்கள் கணவரின் வேலையிடத்தில் கொடுத்துவிடுங்கள்.