பொண்ணு டவுன் பிளானிங் படிக்கணும்னு நிக்கறா, என்ன பண்றது: நியூ ஜெர்சி அக்கா ஒருத்தங்களுக்கு என் பதில்

அக்கா, உங்க மெசேஜ நேத்து ராத்திரியே படிச்சுட்டேன், ஆனா அவசரப்பட்டு பதில் சொல்ற விஷயம் இல்ல இது, அதான் உங்க பொண்ணுகிட்டயும் ஒரு முக்கால் மணி நேரம் பேசிட்டு இப்போ எழுதறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் நல்லா போய்ட்டிருக்கற பொண்ணு திடீர்னு மாஸ்டர்ஸ்க்கு சிட்டி பிளானிங் போறேன்னு சொன்னா எந்த வீட்லயும் கலவரம்தான். "டவுன்ஷிப் ஆபீஸ்ல ஃபைல் தள்றதுக்கா இத்தனை ஃபீஸ் கட்டறோம்"னு உங்க வீட்டுக்காரர் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல, அவர் அந்த வேலையை பக்கத்துல இருந்து பாத்ததில்ல, அவ்ளோதான். நீங்க கேட்டது ஒரே கேள்விதான், இந்த வேலை நிலைக்குமா, யார் சம்பளம் குடுப்பாங்கன்னு. அதுக்கு நேரா பதில் சொல்லிடறேன்.

முதல்ல அவளுக்கு இந்த எண்ணம் எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். போன வருஷம் உங்க வீட்டுக்கு சர்ட்டிஃபைடு மெயில்ல ஒரு லெட்டர் வந்துச்சே, பின்னாடி இருக்கற காலி இடத்துல வேர்ஹவுஸ் கட்டறதுக்கு அப்ளை பண்ணிருக்காங்கன்னு, நீங்க கையெழுத்து போட்டு வாங்கி ஃபிரிட்ஜ் மேல வச்சுட்டீங்களாம். அந்த லெட்டர் சும்மா மரியாதைக்கு வர்றது இல்ல, 200 அடிக்குள்ள இருக்கற எல்லா சொத்து சொந்தக்காரங்களுக்கும் நோட்டீஸ் குடுக்கணும்னு நியூ ஜெர்சி சட்டத்துலயே இருக்கு. அவ அதை எடுத்துட்டு தனியா ஜோனிங் போர்டு மீட்டிங்குக்கு போயிருக்கா (ஜோனிங்னா எந்த இடத்துல எதைக் கட்டலாம்னு ஊர் பிரிச்சு வைக்கற விதி). அந்த இடம் ஆபீஸுக்குன்னு ஒதுக்கின ஜோன், வேர்ஹவுஸ் கட்டணும்னா யூஸ் வேரியன்ஸ், அதாவது அந்த ஜோன்ல அனுமதி இல்லாததுக்கு விதிவிலக்கு, வாங்கணும், அதுக்கு 7 பேர் போர்டுல 5 பேர் சரின்னு சொல்லணும், பெரும்பான்மை 4 பேர் இருந்தா கூட பத்தாது. அங்க ஒரு அம்மா எழுந்து நின்னு கோர்ட்ல மாதிரி சத்தியப்பிரமாணம் எடுத்துட்டு, டவுன்ஷிப்போட மாஸ்டர் பிளான்ல (ஊர் எப்படி வளரணும்னு எழுதி வச்ச திட்டம்) எந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, இந்த கட்டடம் அதுக்கு ஒத்து வருமா வராதா, ரோட்டுக்கு என்ன ஆகும், பக்கத்து வீட்டுக்கு என்ன ஆகும்னு ஒரு மணி நேரம் பேசினாங்களாம், அப்புறம் எதிர் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணப்போ ஒரு இடத்துல கூட தடுமாறலயாம். "அவங்க லாயர் இல்ல, எஞ்சினியர் இல்ல, பிளானர்"னு சொல்றப்போ அவ குரல் மாறிடுச்சு அக்கா. நான் இருபது வருஷமா பசங்ககிட்ட பேசறேன், யூட்யூப் பாத்து வந்த ஆசைக்கும் நேர்ல பாத்து வந்த ஆசைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இப்போ வேலை விஷயம். இந்த வேலைய ஏதோ டவுன்ஷிப் மேயர் மனசு வச்சு குடுக்கறது இல்ல, மாநில சட்டம் உருவாக்கின வேலை இது. அமெரிக்காவுல நிலத்தை எதுக்கு பயன்படுத்தலாம்னு சொல்ற அதிகாரம் அடிப்படையில மாநிலத்துகிட்டதான் இருக்கு, மாநிலம்தான் சட்டம் போட்டு ஊர்களுக்கு குடுக்குது. நியூ ஜெர்சில அது 1975ல வந்த முனிசிபல் லேண்ட் யூஸ் லா. இங்க 564 முனிசிபாலிட்டி இருக்கு, மாஸ்டர் பிளான்ல லேண்ட் யூஸ், ஹவுசிங்னு ரெண்டு பகுதியும் இல்லாம ஊர் ஜோனிங் ஆர்டினன்ஸே, அதாவது ஜோனிங் சட்டமே, போட முடியாது. போட்டதோட முடிஞ்சுதான்னா இல்ல, 10 வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசா மறு ஆய்வு பண்ணணும். 2021ல இன்னொரு சட்டம் வந்து, லேண்ட் யூஸ் பகுதியை புதுப்பிக்கறப்போ வெள்ளம், கடல் மட்டம், வெப்பம் மாதிரி பருவநிலை ஆபத்துகளையும் கணக்கு பண்ணி எழுதணும்னு சொல்லிடுச்சு. ஒவ்வொரு தடவை மாநிலம் ஒரு வரி சேர்க்கறப்பவும் 564 ஊர்லயும் யாராவது உக்காந்து அதை எழுதணும்ல, அந்த யாராவதுதான் உங்க பொண்ணு ஆக நினைக்கற ஆள்.

இதுக்கு பெரிய உதாரணம் வீட்டு விஷயம். 1975ல மவுண்ட் லாரல் கேஸ்ல மாநில சுப்ரீம் கோர்ட், குறைஞ்ச வருமானக்காரங்களுக்கும் இடம் இருக்கற மாதிரி ஊர்கள் ஜோனிங் பண்ணணும்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் இழுபறிதான். 2024 மார்ச்ல கவர்னர் மர்ஃபி கையெழுத்து போட்ட புது சட்டப்படி, எந்த ஊர் எத்தனை வீட்டுக்கு வழி பண்ணணும்னு மாநிலத்தோட கம்யூனிட்டி அஃபேர்ஸ் டிபார்ட்மென்ட் கணக்கு போட்டு குடுக்குது, ஊருக்கு அது ஒத்துவரலன்னா தானே கணக்கு போட்டுக்கலாம், ஆனா 2025 ஜூன் 30க்குள்ள பிளான் ரெடியா இருக்கணும்னு கெடு. அந்த ஆறு மாசம் எனக்குத் தெரிஞ்ச ஒரு பிளானர் போனே எடுக்கல, அவர் வேலை பாக்கற கன்சல்டிங் கம்பெனில ஒரே நேரத்துல அத்தனை ஊரோட பிளானும் டேபிள் மேல. இந்த வீட்டுக் கணக்கு சுற்று 2035 வரைக்கும் ஓடும், உங்க பொண்ணு மாஸ்டர்ஸ் முடிச்சு வெளிய வர்றப்போவும் அது நடுவுலதான் இருக்கும்.

மாநிலம் வேலையை மட்டும் தலையில கட்டாம கொஞ்சம் கைகொடுக்கவும் செய்யுது, இதை அவ கவனிச்சு வச்சுக்கணும், ஏன்னா நல்ல வேலை பாதி இங்கதான் இருக்கு. சின்ன ஊர்ல முழுநேர பிளானர் வச்சுக்க பணம் இருக்காது, அதனால வெளி கன்சல்டன்ட்தான் டவுன்ஷிப் பிளானரா வருவார், அதுக்கான செலவுக்கு கிராண்ட் (மானியம்) கிடைச்சா ஊர் தைரியமா இறங்கும். வடமேற்கு பக்கம் ஹைலேண்ட்ஸ்னு 88 ஊர் இருக்கு, குடிதண்ணி ஊற்று அங்கதான்னு 2004ல தனி சட்டம் போட்டு ஒரு கவுன்சில் வச்சாங்க, ஊர்கள் தங்களோட பிளானை அந்த வட்டாரத் திட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதறதுக்கு அந்த கவுன்சிலே கிராண்ட் குடுக்குது. அப்புறம் ஆபீஸ் ஆஃப் பிளானிங் அட்வகசின்னு ஒண்ணு, பிளானிங் விஷயத்துல ஊர்களுக்கு கைகொடுக்கற மாநில ஆபீஸ். உங்க வீட்டுப் பின்னாடி வந்த வேர்ஹவுஸ் பிரச்சனை மாநிலம் முழுக்க இருந்ததால, எந்த மாதிரி இடத்துல வேர்ஹவுஸ் விடலாம், எப்படி ஜோனிங் எழுதணும்னு 2022ல மாநிலம் ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. கவனிங்க, முடிவு ஊரோடதுதான், மாநிலம் போய் தடுக்கல, ஆனா வழிகாட்டி கையில இருந்தா போர்டு ஆளுங்க டெவலப்பரோட வக்கீல் முன்னாடி முழிக்க வேண்டாம். உங்க பொண்ணு அதை டவுன்லோட் பண்ணி முழுசா படிச்சிருக்கா, என்கிட்டயே பக்கம் சொல்லி காட்டினா.

சம்பளத்தை மறைக்காம சொல்றேன். 2023 மே மாசக் கணக்குல நாடு முழுக்க பிளானர்களோட நடுத்தர சம்பளம் வருஷத்துக்கு 81,800 டாலர்னு லேபர் டிபார்ட்மென்ட் புள்ளிவிவரம் சொல்லுது. சாஃப்ட்வேர்ல வர்றதோட ஒப்பிட்டா கம்மிதான், ஆரம்பத்துல இன்னும் கம்மியாத்தான் இருக்கும், மீட்டிங் எல்லாம் சாயங்காலம் 7 மணிக்கு ஆரம்பிச்சு பத்து பதினொண்ணு வரை போகும், கோபமா வர்ற ஜனங்க முன்னாடி பொறுமையா நிக்கணும். கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), மாநில வேலைன்னா பென்ஷன் உண்டு, திடீர்னு ஒரு வெள்ளிக்கிழமை மெயில் அனுப்பி வீட்டுக்கு போன்னு சொல்றது ரொம்ப அபூர்வம். அந்த மெயில் உங்க வீட்டுக்கே ஒரு தடவை வந்திருக்குன்னு நீங்களே எழுதியிருந்தீங்க, அதனால இதோட அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஆனா ஒரு விஷயத்துல உங்க பொண்ணுக்கும் நான் கொஞ்சம் பிரேக் போட்டேன். "எந்த காலேஜ்"னு லிஸ்ட் போட்டு வச்சிருக்கா, "எந்த ஸ்டேட்"னு யோசிக்கவே இல்ல. இந்த தொழில்ல அதுதான் முதல் கேள்வி. ஓரிகான்ல 1973லயே சட்டம் போட்டு, மாநிலம் முழுக்க 19 இலக்கு வச்சு, ஒவ்வொரு ஊரும் இதுக்கு மேல வளரக்கூடாதுன்னு எல்லைக்கோடு போட வச்சாங்க, ஊர்களுக்கு உதவி பண்ண மாநில ஆளுங்களை அந்தந்த வட்டாரத்துலயே உக்கார வச்சிருக்காங்க. வாஷிங்டன் ஸ்டேட்ல 1990 சட்டம், காமர்ஸ் டிபார்ட்மென்ட் பிளான் எழுத கிராண்ட் குடுக்கும், 2023ல பருவநிலையையும் பிளான்ல சேர்க்கணும்னு சொல்லிட்டாங்க. ஜார்ஜியால பிளான் இல்லாத ஊருக்கு மாநிலத்தோட சில கிராண்டும் கடனும் கிடைக்காது, அதனால ஊரே பிளானரைத் தேடும். அதே நேரம் டெக்சாஸ்ல ஹூஸ்டன் மாதிரி பெரிய ஊருக்கே ஜோனிங் கிடையாது, அங்க இதே டிகிரிக்கு வேலை இல்லாம இல்ல, ஆனா வேலையோட சாயலே வேற.

சட்டம் குடுத்த வேலையை சட்டமே எடுக்கவும் செய்யும், இதையும் சொல்லிடறேன். 1954 ஹவுசிங் சட்டத்துல 701னு ஒரு பிரிவு இருந்துச்சு, அதுல மத்திய அரசு பணம் மாநிலங்கள் வழியா சின்ன சின்ன ஊருக்கெல்லாம் வந்து பிளான் எழுதினாங்க, 1981ல அதை நிறுத்திட்டாங்க. ஃப்ளோரிடா 1985ல ரொம்ப கறாரா சட்டம் போட்ட மாநிலம், 2011ல அதைத் தளர்த்தி, பிளானை சரி பாக்கற டிபார்ட்மென்டையே கலைச்சுட்டாங்க. அதனால ஒரே ஒரு ஆபீஸை நம்பி உக்காராம, எந்த மாநிலத்துக்குப் போனாலும் செல்லுற கைவேலை ஒண்ணு அவகிட்ட இருக்கணும்.

அங்கதான் கம்ப்யூட்டர் சயின்ஸை விடாதேன்னு சொன்னேன். பாதில மேஜர் மாத்தறது வேண்டவே வேண்டாம், டிகிரியை முடிக்கட்டும், கூட ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப்பையும் டேட்டாவையும் சேத்து பாக்கறது) ரெண்டு கோர்ஸ் எடுக்கட்டும், பார்சல் டேட்டாவையும் (ஒவ்வொரு மனையோட விவரம்) ஜோனிங் மேப்பையும் வெள்ள அபாய மேப்பையும் மேல மேல போட்டு, எந்த மனைல என்ன கட்ட முடியும்னு கோட் எழுதி எடுக்கற பிளானர் ரொம்ப கம்மி. அதோட சட்டம் படிக்கற பழக்கம் வேணும், எழுத்து நல்லா வரணும், இந்த ரெண்டும் அவகிட்ட ஏற்கனவே இருக்கு.

மாஸ்டர்ஸ் சேர்றப்போ பிளானிங் அக்ரிடிடேஷன் போர்டு அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, உங்களுக்கு பக்கத்துலயே ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியோட ப்ளஸ்டீன் ஸ்கூல்ல இருக்கு, வீட்லேருந்தே போய் வந்தா செலவு பாதி குறையும். அந்த அங்கீகாரம் இருந்தா ஏஐசிபிங்கற நாடு முழுக்க செல்லுற பிளானர் சான்றிதழுக்கு 2 வருஷ அனுபவம் போதும். நியூ ஜெர்சில பிளானர்னு தொழில் பண்ண மாநில லைசென்ஸே வேணும், இது மத்த மாநிலங்கள்ல இல்லாத ஒரு ஏற்பாடு, அதனால இங்க லைசென்ஸ் எடுத்தவங்க பேருக்கு போர்டு முன்னாடி தனி மதிப்பு.

இந்த சம்மர்ல சாஃப்ட்வேர் இன்டர்ன்ஷிப்புக்கு பதிலா கவுண்டி பிளானிங் ஆபீஸ்லயோ ஒரு கன்சல்டிங் கம்பெனிலயோ இன்டர்ன் போகட்டும், மூணு மாசத்துல அவளுக்கே தெரிஞ்சுடும், அடுத்த சம்மர் வேணும்னா சாஃப்ட்வேர் போகலாம், ஒண்ணும் குடி முழுகிடாது.

அப்புறம் உங்க வீட்டுக்காரரை ஒரே ஒரு தடவை அந்த மீட்டிங்குக்கு கூட்டிட்டு போங்க அக்கா, வேர்ஹவுஸ் கேஸ் இன்னும் முடியலன்னு அவ சொன்னா. கேஸை அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சாங்கன்னா அதை மீட்டிங்லயே அறிவிச்சுடுவாங்க, உங்களுக்கு மறுபடி லெட்டர் வராது, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி டவுன்ஷிப் வெப்சைட்ல அஜெண்டா பாருங்க, உள்ள போனதும் முன் வரிசைல உக்காருங்க, பின்னாடி மைக் சரியா கேக்காதுன்னு உங்க பொண்ணு சொன்னா.